கோளாறு எஞ்சினில் இல்லை

பெரிய அளவு மாடல் ரயில் வைத்திருக்கும் யாரிடமாவது "எஞ்சின் திணறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "இன்னும் பழைய அனலாக்கிலேயா ஓட்டுகிறீர்கள்? டிஜிட்டலுக்கு மாறுங்கள். டிகோடர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்." விற்கிறவர் இதைச் சொல்வதில் வியப்பில்லை, அது அவர் பிழைப்பு. வாங்கி ஓட்டுகிறவர்களும் இதையே வேதவாக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் என்னை எழுத வைக்கிறது. பழுது என்றால் போர்டு, மேம்பாடு என்றால் புதிய போர்டு என்ற நினைப்பு ஊறிப்போய்விட்டது. பல ஆண்டுகளாகத் திருச்சி மன்னார்புரத்தில் என் மொட்டைமாடியில் 45 மி.மீ. அகலப் பாதை போட்டு வெயிலிலும் மழையிலும் ஓட்டி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன், இந்த நினைப்பு தவறு. பணத்தைக் கரைக்கிறது, நல்ல எஞ்சின்களைப் பாழாக்குகிறது. எல்லாவற்றையும்விட, கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் புத்தியை மழுங்கடிக்கிறது.

ஒரு நிகழ்ச்சி. காஜாமலையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நீள்வட்டப் பாதை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில் மட்டும் அவருடைய நீராவி எஞ்சின் மாடல் மூச்சு வாங்கும். தொட்டியைத் தாண்டினால் மறுபடி வேகம் எடுக்கும். ஊரில் கேட்ட யோசனையின்படி பெருந்தொகை கொடுத்து ஒலியோடு கூடிய டிகோடர் போர்டை வாங்கி எஞ்சினுக்குள் பொருத்தினார். முன்பு தொட்டியருகே மெதுவாகவாவது நகர்ந்த எஞ்சின், இப்போது அதே இடத்தில் அடியோடு நின்றது. சத்தமும் பாதியில் அறுந்தது. டிகோடர் சொத்தை என்று அதைத் திருப்பி அனுப்பும் முடிவில் இருந்தார். நான் போய்க் குனிந்து பார்த்தேன். தொட்டி வழிந்து வழிந்து, அங்கிருந்த மூன்று தண்டவாள இணைப்புகளுக்குள் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கழற்றி, உரசி, திருகு வைத்த பித்தளைக் கிளாம்பால் இறுக்கினோம். எஞ்சின் நிற்காமல் ஓடியது. பழைய அனலாக் நிலையிலேயே அது அப்படி ஓடியிருக்கும்.

இது ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. கணக்கே இதைச் சொல்கிறது. கடையில் கிடைக்கும் 30 செ.மீ. நேர்த்துண்டுகள் இருபதும், ஒரு முழு வட்டத்துக்கான பன்னிரண்டு வளைவுத்துண்டுகளும் சேர்த்து ஒரு நீள்வட்டம் போடுகிறீர்கள். மொத்த நீளம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு தண்டவாளத்திலும் 32 இணைப்புகள். மின்சாரத்தை ஓரிடத்தில் மட்டும் கொடுத்தால், எதிர்முனைக்குப் போக ஒவ்வொரு பக்கமும் 16 இணைப்புகளைத் தாண்ட வேண்டும். இணைப்பு ஒன்றுக்கு 0.1 ஓம் தடை என்று வையுங்கள். இறுக்கமான, சுத்தமான இணைப்பில் இதைவிடப் பன்மடங்கு குறைவாகவே இருக்கும். களிம்பேறியதில் இது சாதாரணம். ஒரு பக்கப் பாதையின் தடை 1.6 ஓம். மின்சாரம் வட்டத்தின் இரு பக்கமாகவும் பிரிந்து போவதால் 0.8 ஆகிறது. போகும் தண்டவாளம், திரும்பும் தண்டவாளம் இரண்டையும் சேர்த்தால் மறுபடி 1.6. எஞ்சின் 2 ஆம்பியர் இழுத்தால் எதிர்முனையில் 3.2 வோல்ட் காணாமல் போயிருக்கும். கன்ட்ரோலரில் 18 வோல்ட் காட்டுகிறது, எஞ்சினுக்குப் போய்ச் சேர்வதோ 15-க்கும் குறைவு. தொட்டியருகே மூச்சு வாங்கியது இதனால்தான். இதற்கும் எஞ்சினுக்குள் இருக்கும் எதற்கும் தொடர்பே கிடையாது.

டிஜிட்டல் இந்தக் குறையை மூடி மறைத்துவிடும் என்று நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். டிஜிட்டல் முறையில் கட்டளையும் மின்சாரமும் அதே இரண்டு தண்டவாளங்கள் வழியாக, அதே இணைப்புகள் வழியாகத்தான் வருகின்றன. அனலாக் எஞ்சினுக்குத் தொடர்பு ஒரு நொடிப்பொழுது விட்டுப்போனால், சுழலும் மோட்டாரின் உந்துவிசையே அதைத் தாண்டவைத்துவிடும். டிகோடருக்குள் இருப்பது சிறு கணினி. மின்சாரம் விட்டுப்போனால் அது அணைந்து, மறுபடி விழித்து, கட்டளைக்குக் காத்திருக்கும். கெப்பாசிட்டர் வைத்தால் அந்தத் தாங்குதிறன் ஓரளவு கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோசமான பாதையைத் தாங்குவதற்காக எஞ்சினுக்குள் கெப்பாசிட்டரைத் திணிப்பதற்குப் பதில் பாதையைச் சரிசெய்துவிடலாமே?

நம் ஊர் வெயிலையும் இதோடு சேர்க்க வேண்டும். பித்தளை ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கு விரியும். விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே மாடித் தண்டவாளத்தின் சூடு 35 டிகிரி ஏறுகிறது என்றால், பத்து மீட்டர் பாதை ஆறரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சித்திரை மாதத்தில் திருச்சி மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நின்றவர்களுக்கு இந்த 35 டிகிரி மிகையாகத் தோன்றாது. இப்படித் தினமும் நீண்டு சுருங்கும் பாதையில், வெறுமனே செருகிவைத்த இணைப்புகள் மெல்ல மெல்லத் தளரும். அந்த இடைவெளியில் தூசி போகும், ஈரம் போகும், பிறகு களிம்பு. ஐரோப்பாவின் குளிர்ந்த தோட்டத்துக்கு எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு மன்னார்புரத்து மாடியில் ஓட்டும்போது முதலில் மாற வேண்டியது இந்த இணைப்புதான்.

செய்ய வேண்டியதும் எளிது. ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வளைய இடம்விட்டு, ஒரு செம்புக் கம்பியைச் சால்டர் செய்துவிடுங்கள். தண்டவாளம் விருப்பம்போல் நீண்டு சுருங்கட்டும், மின்சாரம் கம்பி வழியே போகும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. நிஜ ரயில் பாதையில், சிக்னலுக்காக மின்சாரம் ஓடும் இடங்களில், ஃபிஷ் பிளேட் போட்ட இணைப்புகளின் பக்கத்தில் உற்றுப் பாருங்கள். தண்டவாளத்திலிருந்து தண்டவாளத்துக்கு மெல்லிய கம்பி ஓடியிருக்கும். ஃபிஷ் பிளேட்டை மட்டும் நம்பி மின்சாரத்தை அனுப்ப முடியாது என்று பெரிய ரயில்வே எப்போதோ முடிவுசெய்துவிட்டது. அடுத்து, மின்சாரத்தை ஓரிடத்தில் கொடுக்காமல் நான்கு இடங்களில் கொடுங்கள். கம்பிக்கும் ஈயத்துக்கும் ஆகும் செலவு ஒரு டிகோடர் விலையோடு ஒப்பிட ஒன்றுமில்லை.

என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். நான் முதன்முதலாக ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "எங்க நிக்குதுன்னு பாத்தியா? எங்க நிக்குதுன்னு மொதல்ல பாரு தம்பி. எது நிக்குதுங்கறத அப்புறம் பாப்போம்." இன்றுவரை இதைவிடச் சுருக்கமான கோளாறுப் பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லா எஞ்சினும் ஒரே இடத்தில் திணறினால் குற்றவாளி பாதை. ஒரே எஞ்சின் எல்லா இடத்திலும் திணறினால் குற்றவாளி எஞ்சின். ஒரு எஞ்சின் ஒரே இடத்தில், அதுவும் ஒரு திசையில் மட்டும் திணறினால், அதைத் தூக்கித் திருப்பி வையுங்கள். கோளாறு எஞ்சினோடு சேர்ந்து திரும்புகிறதா, இடத்தோடு நிற்கிறதா? ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் பாதிக் கோளாறுகளை இப்படி அடையாளம் கண்டுவிடலாம். போர்டை மாற்றச் சொல்பவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டுவிட்டு அந்த யோசனையைச் சொல்கிறார்கள்?

அளவிடுவதிலும் ஒரு பிழை பரவலாக நடக்கிறது. மல்டிமீட்டரைத் தண்டவாளத்தில் வைக்கிறார்கள், 18 வோல்ட் காட்டுகிறது, "பாதை நன்றாக இருக்கிறது" என்று முடிவுகட்டுகிறார்கள். சுமையில்லாத பாதையில் எவ்வளவு மோசமான இணைப்பும் முழு வோல்டைக் காட்டும். மின்சாரம் ஓடினால்தானே இழப்பு தெரியும்? காரின் இண்டிகேட்டர் பல்ப், 12 வோல்ட் 21 வாட், இரண்டை வரிசையாக இணைத்து ஒரு பழைய வேகனில் வைத்து ஓட்டுங்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அந்த வேகனைக் கையால் தள்ளிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள், சொத்தையான இணைப்பு தானே காட்டிக்கொடுக்கும். இருட்டிய பிறகு செய்தால் மீட்டர்கூட வேண்டாம், பல்பின் வெளிச்சமே சொல்லிவிடும். நிஜப் பாதையில் கீமேன் நாள்தோறும் தன் எல்லையைச் சுத்தியலோடும் ஸ்பேனரோடும் நடந்து பார்க்கிறாரே, அந்த நடைதான் இது. அதைச் செய்யாமல் எஞ்சினை மட்டும் நவீனமாக்குவதை எந்த ரயில்வேயும் ஒப்புக்கொள்ளாது.

பாதைக்கு அடுத்தது சக்கரம். இதைப் பற்றிப் பேசவே யாரும் தயாராக இல்லை, சக்கரத்தில் விளம்பரம் செய்ய ஒன்றுமில்லாததால் இருக்கலாம். 45 மி.மீ. பாதையில் ஒரு அச்சின் இரு சக்கரங்களுக்கு இடையே, உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு, 40 மி.மீ. ஒட்டி இருக்க வேண்டும். இது குறைந்தால் சக்கரத்தின் முதுகு பாயிண்டின் காவல் தண்டவாளத்தில் சிக்கிப் பெட்டி மேலே ஏறும். கூடினால் விளிம்பு கிராசிங் மூக்கில் முட்டித் தடம் புரளும். "அந்தப் பாயிண்ட் சரியில்லை" என்று பாயிண்டை மாற்றியவர்களை நான் அறிவேன். மாற்றிய பாயிண்டிலும் அதே பெட்டி புரண்டது. ஒரு பித்தளைத் துண்டை 40 மி.மீ.க்குக் கடைந்து தரச்சொல்லி வைத்துக்கொண்டால் போதும், எல்லாப் பெட்டிகளின் அச்சுகளையும் ஒரு மாலையில் சோதித்துவிடலாம். எனக்கு அதைக் கடைந்து கொடுத்தது பக்கத்து லேத் பட்டறைதான். "என்ன சார், வண்டி இவ்வளவு சின்னதா இருக்கு, அளவு மட்டும் எங்களவிட நுணுக்கமா கேக்குறீங்க" என்றார் பட்டறைக்காரர். பிறகு காசே வாங்க மறுத்துவிட்டார்.

பிளாஸ்டிக் சக்கரத்தோடு வரும் பெட்டிகளில் உலோகச் சக்கரம் மாட்டுவது என் கணக்கில் எந்த டிகோடரையும்விடப் பெரிய மேம்பாடு. பிளாஸ்டிக் சக்கரம் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கருப்புக் களிம்பாக்கித் தண்டவாளம் முழுவதும் பூசிக்கொண்டே போகும். அந்தப் பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும். அதாவது, பத்துப் பெட்டிகள் பின்னால் வந்து தங்கள் எஞ்சினின் தொடர்பைத் தாங்களே கெடுத்துக்கொண்டிருக்கும். உலோகச் சக்கரம் அதைச் செய்யாது. எடையும் தாழ்வாக அமர்வதால் வளைவில் பெட்டி நிதானமாக நிற்கும். பழைய பெட்டிகளில் இழை பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டாலும் அப்படித்தான். பல்புகள் தின்ற மின்சாரம் எஞ்சினுக்கு மிச்சமாகும். இவற்றையெல்லாம் "மேம்பாடு" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஓட்டம் மேம்படுவது இவற்றால்தான்.

எஞ்சினுக்குள்ளேயே கோளாறு என்று உறுதியானாலும் முதலில் பார்க்க வேண்டியது போர்டு கிடையாது. ஒரு சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை "டக், டக்" என்று சீராகச் சத்தம் வந்தால், அச்சில் இறுகியிருக்கும் பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட நாள் பெட்டியிலேயே கிடந்த எஞ்சினில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மோட்டார் அதை உழுதுகொண்டு சுற்றுவதால் மின்சாரம் அதிகமாக இழுக்கும், சூடாகும். அதைத் துடைத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸை அளவாக வைக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். சில பிளாஸ்டிக் பாகங்களுக்கு அது ஆகாது. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டர் கறுத்திருக்கலாம். தண்டவாளத்தை உரசி மின்சாரம் எடுக்கும் செருப்பு தேய்ந்து சிறு பள்ளம் விழுந்திருக்கலாம். எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும் கோளாறுகள்.

இவற்றைச் சரிசெய்யாமல் டிகோடர் போட்டால் என்ன ஆகும்? இறுகிய கிரீஸை உழும் மோட்டார் 4, 5 ஆம்பியர் கேட்கும். 3 ஆம்பியருக்குச் செய்த டிகோடர் கருகும். பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை நேரடியாகச் சட்டத்தோடோ சக்கரத்தோடோ இணைந்திருப்பதும் உண்டு. அதைப் பிரிக்காமல் டிகோடரை இணைத்தால் மின்சாரம் கொடுத்த கணத்திலேயே அதன் கதை முடிந்தது. ஆகவே, டிகோடர் வேண்டுமென்பவர் முதலில் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தி, ஒரு நொடி மட்டும், மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கட்டும். பிறகு மோட்டாரின் இரு முனைகளும் சட்டத்திலிருந்து விலகியிருக்கின்றனவா என்று மீட்டரில் பார்க்கட்டும். இந்த இரண்டு அளவும் சரியாக இருந்தால் தாராளமாகப் போடட்டும்.

நான் டிஜிட்டலுக்கு எதிரி இல்லை. ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டுவது, நின்ற நிலையிலும் விளக்கு எரிவது, ஏற்றத்தில் வேகம் குறையாமல் மோட்டாரைத் தாங்கிப் பிடிப்பது, இவையெல்லாம் உண்மையான நன்மைகள். என் எஞ்சின்களில் இரண்டில் டிகோடர் இருக்கிறது. நான் எதிர்ப்பது வரிசை தலைகீழாவதை. ஓடும் எஞ்சினை இன்னும் நன்றாக ஓட வைப்பதற்கான கருவியை, ஓடாத எஞ்சினுக்கு மருந்தாக விற்பதை.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. "பாதையில் மின்சாரமே வேண்டாம். பேட்டரியை எஞ்சினிலேயே வைத்து ரேடியோவில் ஓட்டுகிறோம். களிம்பும் இல்லை, இணைப்பும் இல்லை" என்கிறார்கள். வெளியில் ஓட்டுபவர்களுக்கு இது மெய்யாகவே நல்ல வழி. மறுக்க மாட்டேன். ஆனால் பேட்டரி தீர்ப்பது மின்தொடர்பை மட்டும். 40 மி.மீ. தவறிய சக்கரத்தைப் பேட்டரி திருத்தாது, விரிந்த கியரைக் கூட்டாது, வெயிலில் வளைந்த பாதையை நிமிர்த்தாது. தவிர, லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மதிய வெயிலில் ஓடி, மூடிய எஞ்சின் உடலுக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜில் போடுவது ஆபத்து. பேட்டரிக்குப் போகிறவர்கள் ஆற வைக்கும் பொறுமையையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த டிகோடர் மோகத்துக்கு உடன்பிறந்த இன்னொரு கருத்து உண்டு. "இதெல்லாம் ஜெர்மன் சாமான். இங்கே யாரும் கைவைக்க முடியாது. ஒன்று அங்கே அனுப்பு, இல்லையென்றால் புதிதாக வாங்கு." பொன்மலைக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்பவர்களைக் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்தது 1928-இல். அந்தப் பணிமனையின் சங்கொலியில் வேலைக்குக் கிளம்பிய தலைமுறைகள் மன்னார்புரத்திலும் சுப்பிரமணியபுரத்திலும் பொன்மலைப்பட்டியிலும் வாழ்ந்தன. அந்தப் பணிமனையின் கைத்திறனுக்கு ஒரு சான்று சொல்கிறேன். நீலகிரி மலைப்பாதையின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவை. அவற்றைப் போல் சிக்கலான எஞ்சின் குறைவு. நான்கு சிலிண்டர்கள். சாதாரணப் பாதையில் உயரழுத்த சிலிண்டர்கள் மட்டும் சக்கரங்களை உருட்டும். கல்லாறைத் தாண்டிப் பற்சட்டம் வந்ததும், அங்கே வேலை முடித்த நீராவி அதற்கு மேலே இருக்கும் தாழழுத்த சிலிண்டர்களுக்குள் போய், பல்சக்கரத்தைச் சுழற்றும். 12 அடிக்கு ஓரடி ஏறும் சரிவில், பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எஞ்சின் தள்ளிக்கொண்டு போகும். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் வந்த அந்தப் பாதைக்கு 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது.

பிறந்த ஊரில் அந்த எஞ்சின்களுக்கு உதிரிபாகம் கேட்க இயலாத காலம் வந்தபோது பொன்மலை என்ன செய்தது? "வெளிநாட்டுச் சாமான், கைவைக்க முடியாது" என்று சொல்லவில்லை. முழு எஞ்சினையே புதிதாகக் கட்டியது. முதலில் எண்ணெயில் எரியும் எக்ஸ் வகை எஞ்சின்கள் வந்தன. பிறகு 2021-இல் நிலக்கரியில் எரியும் புதிய எஞ்சினே அதே பணிமனையிலிருந்து வெளிவந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். எண்ணெய்க்குப் போனது மேம்பாடு என்றால், அதன் பின் நிலக்கரியில் ஒன்று கட்டியது பின்னடைவா? இல்லவே இல்லை. எந்த எஞ்சின் எதற்காக ஓட வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த முடிவுகள் அவை. எண்ணெய்க்கு மாறும்போது எரியறை மாறியது, பர்னர் வந்தது, நிலக்கரி இருந்த இடத்தில் தொட்டி வந்தது. நான்கு சிலிண்டரும் பல்சக்கரமும் அப்படியே இருந்தன. அதே மலைப்பாதையில் பற்சட்டம் இல்லாத குன்னூர்–உதகைப் பகுதியில் டீசல் எஞ்சின் இழுக்கிறது, பற்சட்டம் உள்ள பகுதியில் நீராவி தள்ளுகிறது. தேவையான இடத்தில் தேவையான மாற்றம். இதைவிடத் தெளிவான மேம்பாட்டுப் பாடத்தை எந்தக் கையேட்டில் தேடப் போகிறோம்?

"பழைய மாடலில் ஒரு ஸ்குரூவைக்கூட மாற்றாதே, மதிப்புப் போய்விடும்" என்று எதிர்முனையில் நிற்பவர்களுக்கும் இதே பதில்தான். கண்ணாடி அலமாரியில் வைக்க வாங்கினவர் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். ஓடும் எஞ்சின் தேயும், தேய்ந்ததை மாற்றினால்தான் ஓடும்.

தயாரிப்பவரை நம்பி இருக்கலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1968-இல் நியூரம்பெர்க்கில் எல்ஜிபி என்ற பெயரில் 45 மி.மீ. ரயிலை அறிமுகப்படுத்தி, இந்தப் பெரிய அளவையே உலகம் முழுவதும் பரப்பிய லேமன் நிறுவனம் 2006-இல் நொடித்துப்போனது. மறு ஆண்டு மார்க்லின் அதை ஏற்று நடத்த வந்தது. நல்லவேளை, பெயர் பிழைத்தது. நூறாண்டு கண்ட நிறுவனத்துக்கே அப்படியென்றால், நம் கையில் இருக்கும் எஞ்சினுக்கு நாம்தான் கடைசிப் பொறுப்பு. திருச்சியில் இருப்பவர்களுக்கு அது பெரிய சுமையும் இல்லை. 1960-களில் பெல் (பாரத மிகு மின் நிறுவனம்) வந்ததிலிருந்து துவாக்குடி வழியெல்லாம் உலோகம் கடையும், பற்றவைக்கும் பட்டறைகள் முளைத்தன. இன்னொரு பக்கம், செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிக் கண்ணும் விரலும் பழகிய குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ. ஒரு கியரின் பல் எண்ணிக்கையையும் விட்டத்தையும் சொல்லிப் பித்தளையில் வெட்டித் தரச்சொன்னால் இங்கே கிடைக்கும். அப்படி வெட்டி வாங்கிய கியரில்தான் என் பழைய எஞ்சின் ஓடுகிறது. அசல் பிளாஸ்டிக் கியரைவிடக் கொஞ்சம் சத்தம் அதிகம். உடையவில்லை.

மேம்பாடு என்ற சொல்லை இவர்கள் போர்டுக்குள் அடைத்துவிட்டதால் நாம் இழந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆயிரம் மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 44.4 மி.மீ. வரும். அதாவது, இந்த 45 மி.மீ. பாதை நம் மீட்டர்கேஜின் சரியான சிற்றுரு. எழும்பூரிலிருந்து விழுப்புரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு வந்த பாதையும், விருத்தாசலம் வழியாகக் குறுக்கே வந்த கார்டு லைனும் இந்த அகலத்தில்தான் இருந்தன. இன்று அவை அகலப்பாதைகள். மீட்டர்கேஜின் ஒய்பி நீராவி எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு திருச்சி ஜங்ஷனில் நின்றதைப் பார்த்த கண்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. அந்த ரயிலைச் சரியான அளவில் ஓட்ட உலகத்தில் தயாராகக் கிடைக்கும் பாதை நம் மாடியில் கிடக்கிறது. அதில் நாமோ ஆல்ப்ஸ் மலைப் பெட்டிகளை ஓட்டி, அவற்றுக்கு இன்னும் விலையுயர்ந்த ஒலிச் சில்லு வாங்குவதையே மேம்பாடு என்கிறோம். ஒரு ஸ்விஸ் பெட்டியின் உடலைக் கழற்றிவிட்டு, அதே போகிகளின் மேல் தகரத்திலும் பிளைவுட்டிலும் தென்னக ரயில்வேயின் மீட்டர்கேஜ் பெட்டியைக் கட்டுவது யாராலும் செய்யக்கூடிய வேலை. ஜன்னல் கம்பியும் மரப் பலகை இருக்கையும் நினைவில் இருப்பவர்கள் போவதற்குள் செய்ய வேண்டிய வேலையும்கூட.

அதற்கு முதலில் வளைவுகளை விரிக்க வேண்டும். பெட்டியோடு வரும் வளைவின் ஆரம் 60 செ.மீ. அதை 22.5-ஆல் பெருக்கினால் பதின்மூன்றரை மீட்டர். எந்த மீட்டர்கேஜ் ரயிலும் அப்படித் திரும்பியது கிடையாது. நீலகிரியின் மிகக் கூர்மையான வளைவுக்கே நூறு மீட்டர் ஆரம் என்கிறார்கள். அது மாடி அளவில் ஏறத்தாழ நான்கு மீட்டர் நாற்பத்துநான்கு செ.மீ. அவ்வளவு இடம் யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் 60-லிருந்து 120-க்குப் போனாலே சக்கர விளிம்பு உரசல் குறைகிறது, மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறைகிறது, நீண்ட பெட்டிகள் மூலையில் ஒன்றோடொன்று இடிக்காமல் போகின்றன. வளைவைப் பெரிதாக்கிய அன்றே, அதுவரை நான்கு பெட்டிக்கு மேல் இழுக்க மறுத்த என் எஞ்சின் ஆறு பெட்டிகளை இழுத்தது. உள்ளே ஒரு கம்பியைக்கூட நான் தொடவில்லை.

போன வாரம் காஜாமலை நண்பர் மறுபடி வந்தார். டிகோடரைத் திருப்பி அனுப்பவில்லை, அது நன்றாகத்தான் ஓடுகிறது. பாதை முழுவதும் செம்புக் கம்பி போட்டாயிற்று. தொட்டிக்கு ஒரு மிதவை வால்வு வாங்கி வைத்துவிட்டார், இனி வழியாது. இப்போது அவர் கேட்பது வேறு: ஒய்பியின் டெண்டருக்கு எத்தனை சக்கரம் என்று நினைவிருக்கிறதா, பழைய புகைப்படம் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று. ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போகும் வழியில் அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.